தீர்த்தமாடிய காலில் திரும்பி வந்த கோடுகள்: ஒரு சொறிக் கொட்டு, இரண்டு வைத்தியம்

இதில் வருகிறவர்களின் பெயர், ஊர் முதலியவை இல்லை. சம்பந்தப்பட்ட பெண்ணின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்க ஓரிரு சிறு விவரங்களை மாற்றியிருக்கிறேன். வைத்தியத்தில் நடந்தது நடந்தபடியே இருக்கிறது, நான் விட்ட தவறு உட்பட.

பின்னணி

மதுரையிலிருந்து மேலூர் போகும் சாலையை ஒட்டிச் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருக்கிறேன். கடி என்று இங்கே வருவதெல்லாம் பாம்பு, தேள், பூரான், குளவி, அப்புறம் எது கடித்தது என்றே தெரியாத காணாக்கடி. சொறி, அதாவது ஜெல்லி மீன், மாதிரிக் கடல் பிராணி கொட்டி வருகிறவர்கள் அபூர்வம். வைகையில் தண்ணீர் வந்தாலே பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கிற ஊர் இது.

ஆனால் கடலுக்கும் இந்த ஊருக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தை அமாவாசை, ஆடி அமாவாசை என்றால் ஊர் ஊராக வேன் பிடித்து ராமேஸ்வரம் போகிறார்கள். சுமார் 170 கிலோமீட்டர். நள்ளிரவில் கிளம்பினால் விடியலில் அக்னி தீர்த்தக் கடலில் முழுக்கு, திதி கொடுப்பது, பிறகு ஈரத்துணியோடு கோயிலுக்குள் போய் 22 தீர்த்தங்களில் வாளித் தண்ணீர், அதன்பின் தரிசனம், சாயங்காலம் வீடு. அதனால் அங்கே கடலில் கொட்டு வாங்கியவர் அன்று மாலையே இங்கே என் மேசை முன்னால் உட்கார்ந்திருக்கலாம். வந்த பெண்மணியும் அப்படித்தான் வந்தார்.

வயது 36. வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவர். இரண்டு பிள்ளைகள். இரண்டாவது பிரசவத்தின்போது சர்க்கரை இருந்து, பின்னர் சரியாகிவிட்டது என்றார். ஆஸ்துமா கிடையாது, மருந்து எதுவும் ஒத்துக்கொள்ளாமல் போனதில்லை. கடலில் இறங்கியது இதற்கு முன் வாழ்க்கையில் நாலைந்து தடவை இருக்கும், அதுவும் எல்லாம் ராமேஸ்வரத்தில்தான்.

கடற்கரையில்

காலை ஆறரை மணி. இடுப்பளவு தண்ணீரில் மூன்று முழுக்குப் போட்டுவிட்டுத் திரும்பும்போது இடது கணுக்காலில் 'சுரீர்' என்றது. முதலில் கிளிஞ்சல் குத்திவிட்டது என்று நினைத்திருக்கிறார். இரண்டு அடி வைப்பதற்குள் அது முழங்கால்வரை ஏறியது. கரைக்கு வந்து சேலையைத் தூக்கிப் பார்த்தால் நனைந்த உள்பாவாடை காலோடு ஒட்டிக்கிடந்தது. அதன் ஓரத்தில் கண்ணாடி நூல் மாதிரி ஏதோ தொங்கியது. எட்டு வயது மகன் அதை விரலால் பிடித்து இழுத்தான், அவன் விரலும் எரியத் தொடங்கியது. கொழுந்தனார் கை நிறைய மணலை அள்ளி, "மதினி, காலக் காட்டுங்க" என்று பரபரவென்று தேய்த்துவிட்டார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான்.

அருகில் சங்கும் சோழியும் விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மா, "சொறி பட்ருக்கு தாயி. நல்ல தண்ணி ஊத்தாத, தேய்க்காத. கடத்தண்ணியவே அள்ளி அள்ளி ஊத்து" என்று சொல்லியிருக்கிறார். அன்று அந்தக் காலுக்குக் கிடைத்த வைத்திய ஆலோசனைகளிலேயே ஆகச் சரியானது இதுதான். யாரும் காதில் வாங்கவில்லை. திதிக்கு ஐயர் காத்திருந்தார், தீர்த்தத்துக்கு வரிசை நீண்டுகொண்டிருந்தது.

அதே ஈரப் பாவாடையோடு கோயிலுக்குப் போய் ஒவ்வொரு கிணறாகத் தலையில் வாளித் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். "மூணாவது கிணத்துலயே நெருப்ப வச்ச மாதிரி ஆயிருச்சு டாக்டர். தீர்த்தத்தப் பாதியில விடக்கூடாதுன்னு அத்தை சொன்னாங்க. கண்ண மூடிக்கிட்டு முடிச்சேன்." வெளியே வந்ததும் வெற்றிலைக் கடையில் சுண்ணாம்பு வாங்கி மஞ்சளைக் குழைத்துப் பூசினார்கள். மருந்துக்கடையில் செட்ரிசின் ஒன்று, வலி மாத்திரை ஒன்று. பகல் பதினோரு மணிக்கு வேன் கிளம்பியது. வழியில் ஒருமுறை குமட்டல் வந்திருக்கிறது, வாந்தி எடுக்கவில்லை.

அன்று மாலை கண்டது

கிளினிக்குக்கு வந்தபோது மணி ஐந்தரை. கொட்டிப் பதினோரு மணி நேரம் ஆகியிருந்தது.

இடது காலில் சுண்ணாம்பு காய்ந்து ஓடு கட்டியிருந்தது. மஞ்சள் நிறத்தில் சிவப்பு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. ஈரப்பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்த பிறகுதான் உண்மையான காட்சி கிடைத்தது. வெளிக்கணுக்காலில் தொடங்கி, கெண்டைக்காலைச் சுற்றிக்கொண்டு முழங்காலின் உட்பக்கம்வரை ஐந்து கோடுகள், சாட்டையால் அடித்த மாதிரி. உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு கோடும் ஒரே சீராக இல்லை. சிறு சிறு புள்ளிகள் வரிசையாகக் கோத்ததுபோல், நூலில் கோத்த பாசிமணியை ஈரமண்ணில் அழுத்தி எடுத்தால் விழும் தடம் போல இருந்தது. இரண்டு இடங்களில் கடுகளவு நீர்க்கொப்புளம். வலது பாதத்தின் மேல், உள்பக்கமாக, இரண்டு அங்குல நீளத்துக்கு ஒரு தனிக்கோடு. நடக்கும்போது ஒரு கால் இன்னொன்றில் உரசியதில் பட்டிருக்க வேண்டும். இடது தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது. வலிக்குப் பத்துக்கு எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்டதற்கு ஆறு என்றார்.

காலைப் பார்ப்பதற்கு முன்பே வேறு சிலவற்றைப் பார்த்துவிட்டோம். நாடி நிமிடத்துக்கு 96, ரத்த அழுத்தம் 130/84, ஆக்சிஜன் 99. முகத்திலோ உதட்டிலோ வீக்கமில்லை, மூச்சில் விசில் சத்தம் இல்லை, உடம்பில் வேறெங்கும் தடிப்பில்லை. முதுகுவலி, வயிற்றைப் பிசைவது, காரணமில்லாத வியர்வை, 'ஏதோ ஆகப்போகிறது' என்ற பயம் இவற்றையும் கேட்டேன். இல்லை. ஆஸ்திரேலியாவில் இருகாஞ்சி என்று பெயரிட்ட ஒரு நோய்க்குறித் தொகுப்பு இருக்கிறது. பெட்டி வடிவ உடல் கொண்ட பெட்டிச்சொறி வகையில், கட்டைவிரல் நகமளவே உள்ள ஒன்று கொட்டி, இருபது நாற்பது நிமிடம் கழித்து இந்தத் தொல்லைகளெல்லாம் ஒன்றாக வரும், ரத்த அழுத்தம் எகிறும். கொட்டிய இடத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது. அதைக் கண்டுபிடித்த கதையும் விசித்திரமானது. ஜாக் பார்ன்ஸ் என்ற மருத்துவர் 1961-இல் அந்தச் சொறியைப் பிடித்து, தன்மீதும் தன் ஒன்பது வயது மகன் மீதும் ஒரு கடற்கரைக் காவலர் மீதும் கொட்டவிட்டுத்தான் இதை நிரூபித்தார். மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நம் பெண்மணிக்கு அந்தக் கட்டம் எப்போதோ தாண்டியிருந்தது. ஆனாலும் ஒரு ஈசிஜி எடுத்துப் பார்த்தோம், சாதாரணமாகவே இருந்தது.

தோலுக்குள் நடப்பது

நாங்கள் செய்ததற்கும் செய்யாமல் விட்டதற்கும் காரணம் புரிய இந்தப் பகுதி வேண்டும்.

பாடநூலில் இழுதுமீன், கடற்கரையில் சொறி, நகரத்தில் ஜெல்லி மீன். எப்படி அழைத்தாலும் அதற்குப் பல்லும் இல்லை, கொடுக்கும் இல்லை. அதன் இழைகள் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத கொட்டுசெல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சிறு குப்பி, குப்பிக்குள் சுருட்டி மடித்த முள்நூல். குப்பியின் உள்ளழுத்தம் சுமார் 150 பார், அதாவது கார் டயரில் இருப்பதைப்போல் அறுபது மடங்குக்கு மேல். தொடுதலும் தோலில் உள்ள வேதிப்பொருளும் சேர்ந்தால் மூடி திறந்து நூல் பாய்கிறது. சொறியின் உறவுப் பிராணியான ஹைட்ராவில் இதை அளந்திருக்கிறார்கள். ஒரு மைக்ரோ நொடிகூட ஆகவில்லை. 'கையை உதறினேன் டாக்டர்' என்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன், உதறுவதற்கெல்லாம் அது நேரம் கொடுக்காது.

இதில் கவனிக்க வேண்டியது, ஒரு இழை தோலில் பட்டதும் எல்லாக் குப்பிகளும் வெடிப்பதில்லை என்பது. வெடிக்காமல் பல தங்கிவிடும். தேய்த்தால் வெடிக்கும், அழுத்தினால் வெடிக்கும். கடல்நீரின் உப்பு சுமார் 3.5 சதவீதம். அதற்குப் பழகிய செல்லின் மேல் நல்ல தண்ணீரை ஊற்றினால் உப்புச் சமநிலை குலைந்து அப்போதும் வெடிக்கும். மணலில் தேய்த்தது, ஈரப்பாவாடையோடு நடந்தது, 22 வாளி நல்ல தண்ணீர் என்று இந்தக் காலுக்கு மூன்றுமே நடந்திருக்கின்றன. தீர்த்தத்தைக் குறை சொல்லவில்லை. அது குளிக்கிறவர்களுக்காக இருக்கிறது, இழை ஒட்டிய கால் வரும் என்று யாருக்குத் தெரியும்?

உள்ளே போன நஞ்சு புரதங்களின் கலவை. சில புரதங்கள் நம் செல்களின் சுவரில் துளை போடுகின்றன, அதனால்தான் அந்த எரிச்சலும் கொப்புளமும். தோலில் உள்ள மாஸ்ட் செல்கள் என்ற ஒவ்வாமைச் செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டித் தடிப்பையும் அரிப்பையும் உண்டாக்குகின்றன. இது முதல் கட்டம். சிலருக்கு, குறிப்பாக முன்பே கொட்டு வாங்கியவர்களுக்கு, உடனடி ஒவ்வாமை பெரிதாகி மூச்சும் ரத்த அழுத்தமும் விழலாம். அதற்குத் தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் மருந்து, மற்றதெல்லாம் பிறகு. ஒவ்வாமை அதிர்ச்சி என்ற கருத்தே கடல் கொட்டிலிருந்து பிறந்ததுதான். 1901-இல் மொனாக்கோ இளவரசரின் கப்பலில் நீலக்குமிழ்ச் சொறியின் (நீலக் குமிழ்போல் கடலின் மேல் மிதப்பது) நஞ்சை ஆராயப் போன ஷார்ல் ரிஷேயும் போல் போர்த்தியேயும், ஊர் திரும்பி, சொறிக்கு உறவான கடல் அனிமோனின் நஞ்சை நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் ஊசியில் தாக்குப்பிடித்த நாய், சில வாரம் கழித்துப் போட்ட சிறிய அளவில் செத்தது. ரிஷேவுக்கு 1913-இல் நோபல் பரிசு கிடைத்தது.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. நஞ்சின் துணுக்குகளை உடம்பின் எதிர்ப்புச் செல்களான டி-செல்கள் மெதுவாக அடையாளம் கண்டு, ஒன்றிரண்டு வாரம் கழித்து அதே இடத்தில் மறுபடி சண்டையைத் தொடங்குவது. படித்திருக்கிறேன், தேர்வில் எழுதியுமிருக்கிறேன். அன்று மாலை அந்தப் பெண்மணியிடம் அதைச் சொல்லவில்லை.

முதல் நாள் முடிவுகள்

வினிகர் ஊற்றலாமா என்று கொழுந்தனார் கேட்டார், கைபேசியில் பார்த்திருக்கிறார். வேண்டாம் என்றேன். பெட்டிச்சொறிகளின் வெடிக்காத குப்பிகளை வினிகர் அடக்கிவிடும், அதனால் அவை அதிகமுள்ள கடற்கரைகளில் அது முதல் மருந்து. ஆனால் வேறு சில இனங்களில் வினிகரே குப்பிகளை வெடிக்கச் செய்யலாம். நீலக்குமிழ் கொட்டுக்கு ஆஸ்திரேலிய வழிகாட்டுதலில் வினிகர் இல்லை, வெந்நீர்தான். இவருக்குக் கொட்டியது எது என்று எங்களுக்குத் தெரியாது. கரையில் ஒதுங்கிக் கிடந்த வெள்ளைக் குடை ஒன்றைக் கொழுந்தனார் படம் எடுத்திருந்தார். அதுதான் கொட்டியது என்பதற்கு என்ன சாட்சி? தவிர, பதினோரு மணி நேரமும் 22 வாளியும் கடந்தபின் அடக்குவதற்குக் குப்பி எதுவும் மிச்சமிருக்காது. சிறுநீர், சாராயம் பற்றியும் கேட்டார்கள். இரண்டுமே கூடாது.

வெந்நீர் வைத்தோம். சொறி நஞ்சின் புரதங்கள் பல சூட்டில் செயலிழப்பவை. 40 முதல் 45 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் வைத்தால் வலி குறைகிறது. கொட்டிய உடனே செய்தால்தான் முழுப் பலன், ஆனாலும் முயன்று பார்ப்பதில் நஷ்டமில்லை. நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் விளாவிக் கொண்டுவந்தார். வலிக்கிற காலுக்குச் சூடு சரியாக உறைக்காது, கொப்பளித்துவிடும். அதனால் முதலில் அந்தப் பெண்மணியைக் கையை விட்டுப் பார்க்கச் சொன்னேன், பொறுக்கிற சூடு என்றபின்தான் கால். இருபது நிமிடம் கழித்து ஆறு மூன்றானது. அதில் எவ்வளவு வெந்நீர், எவ்வளவு முன்பே போட்ட மாத்திரை என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

தடுப்பூசி போட்டது ஞாபகமில்லை என்றதால் டெட்டனஸ் ஊசி. மொமெட்டசோன் களிம்பு ஐந்து நாள், இரவில் செட்ரிசின், தேவைப்பட்டால் பாரசிட்டமால். ஆன்டிபயாடிக் கேட்டார்கள், சீழோ காய்ச்சலோ இல்லாததால் எழுதவில்லை. மகனின் விரலில் லேசான சிவப்புதான், அவனுக்கு மருந்து தேவைப்படவில்லை.

அப்புறம் அந்தப் பாவாடை. அது பைக்குள் சுருட்டி வைத்தபடி வீட்டில் இருந்தது. காய்ந்த இழைகூட வாரக்கணக்கில் கொட்டும் திறனோடு இருக்கும் என்பதால், கையுறை போட்டுத்தான் துவைக்க வேண்டும் என்று சொன்னேன். வீட்டுக்குப் போன் செய்தால் மாமியார் முன்பே துவைத்துப் போட்டுவிட்டார். "ஆமா, முழங்கையில ஊறுது" என்றார்.

கோடுகளை அவர் கைபேசியிலேயே நாலைந்து படம் எடுத்துவைக்கச் சொன்னேன். பிற்பாடு உதவியது என் குறிப்பு அல்ல, அந்தப் படம்தான். குறிப்பு எப்படி இருந்தது என்றால், சீட்டு எழுதும் பெண் வழக்கம்போல் 'பூச்சிக்கடி, ஒவ்வாமை' என்று எழுதியிருந்தார். கீழே மருந்துகளை எழுதிக் கையெழுத்துப் போட்டேன், மேலே இருந்ததைத் திருத்தவில்லை. கடல் என்ற வார்த்தை அந்தச் சீட்டில் எங்கேயும் இல்லை. 'நாலு நாள்ல சரியாயிடும்' என்று சொல்லி அனுப்பினேன்.

சரியானது, திரும்பியது

சொன்னபடி நாலாம் நாள் சரியானது. எரிச்சல் போய்விட்டது, கோடுகள் மங்கின, நெறி வடிந்தது. தையலில் உட்கார்ந்துவிட்டார்.

ஒன்பதாம் நாள் மாலை, மெஷின் மிதிக்கும்போது கணுக்காலில் நமைச்சல். கொசு என்று நினைத்தார். பத்தாம் நாள் காலையில் ஐந்து கோடுகளும் முன்பைவிடத் தடிப்பாக எழும்பியிருந்தன, மேலே நீர்க்கொப்புளங்களோடு. கடலுக்குப் போய் ஒன்றரை வாரம் ஆகிவிட்டது. அது முடிந்த கதை, எனவே இது வேறு ஏதோ என்றுதான் வீட்டில் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு காலில் வரிவரியாகக் கொப்புளம் வந்தால் நம் பக்கத்தில் அதற்கு ஒரே பெயர்தான். மாமியார் பார்த்ததுமே அக்கி என்றார்.

அன்றே பக்கத்து ஊர் குயவர் வீட்டுக்கு அழைத்துப்போய் அக்கி எழுதினார்கள். காவியைக் குழைத்துக் கொப்புளங்களின் மேல் கோடும் உருவமுமாக வரைவது. அங்கே வலியில்லை, செலவில்லை, அக்கறையாகவும் பேசுகிறார்கள். நம் கிளினிக்குகள் எல்லாவற்றையும் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அரிப்பு நிற்காததால் பன்னிரண்டாம் நாள் வேறொரு கிளினிக்குக்குப் போனார், அன்று என் கிளினிக் விடுமுறை. அங்கே என் சீட்டைக் காட்டியிருக்கிறார். 'பூச்சிக்கடி'. காலில் வரிசையான கொப்புளம், மேலே காவி. அந்த மருத்துவரும் அக்கி என்றே முடிவுசெய்து அசைக்ளோவிர் 800 மில்லிகிராம் தினம் ஐந்து வேளை, ஏழு நாளைக்கு எழுதினார். அவர்மேல் எனக்குக் குறையில்லை. அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு நானும் அதைத்தான் எழுதியிருப்பேன். கடல் பற்றி அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

பதின்மூன்றாம் நாள்

"ராத்திரி பூராத் தூக்கமில்ல டாக்டர், சீப்ப வச்சுச் சொறிஞ்சுக்கிட்டே கெடந்தேன்" என்று வந்தார். மாமியாரும் கூட வந்திருந்தார். "டாக்டரு தம்பி, இது அக்கிதான். எழுதியாச்சு, இன்னும் ரெண்டு எழுத்து எழுதுனா அடங்கிரும்" என்றார்.

எனக்கும் ஒரு நிமிடம் அக்கி என்றே பட்டது. மாற்றியது மூன்று விஷயங்கள். அக்கி பெரும்பாலும் வலியோடு வரும், கொப்புளத்துக்கு முன்பே அந்த இடம் வலிக்கத் தொடங்கிவிடும். இவருக்கு வலியே இல்லை, தாங்க முடியாத நமைச்சல் மட்டும்தான். இரண்டாவது, அக்கி ஒரு நரம்பின் ஆளுகைக்குட்பட்ட பட்டையில் போகும். இந்தக் கோடுகள் வெளிக்கணுக்காலிலிருந்து காலைச் சுற்றிக்கொண்டு நாலைந்து பட்டைகளைக் குறுக்கே வெட்டிப் போயின. மூன்றாவதைப் பார்க்க அவர் கைபேசியை வாங்கி முதல் நாள் படத்தைப் பெரிதாக்கிக் காலுக்குப் பக்கத்தில் பிடித்தேன். கோட்டுக்குக் கோடு, வளைவுக்கு வளைவு ஒன்றுதான். படத்தின் ஓரத்தில் வலது பாதத்தின் அந்த இரண்டு அங்குலக் கோடு தெரிந்தது. வலது காலைக் காட்டச் சொன்னேன். செருப்பு வாருக்கு அடியில் அதுவும் எழும்பியிருந்தது. அக்கி இப்படி இரண்டு காலில் வருவதில்லை.

மாமியாரிடம் படத்தையும் காலையும் மாற்றி மாற்றிக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "அப்ப என் கையிலயும் வருமா?" என்று முழங்கையை நீட்டினார். அங்கே ஒன்றுமில்லை.

தோல் மருத்துவரான நண்பரிடம் படங்களை அனுப்பிக் கேட்டேன். தாமதமாக வரும் ஒவ்வாமைத் தோலழற்சி என்று ஒத்துக்கொண்டார், திசுப் பரிசோதனைக்கு அவசியமில்லை என்றார். அசைக்ளோவிரை நிறுத்தினோம். ஸ்டீராய்டு மாத்திரை ஒரு வாரம் கொடுத்தால் சீக்கிரம் அடங்கும், ஆனால் அன்று பார்த்த சர்க்கரை 186, முன்பு பிரசவத்தில் சர்க்கரை இருந்ததும் சேர்ந்து என்னைத் தயங்கவைத்தது. மூச்சுக்கோ முகத்துக்கோ ஆபத்தில்லாத இடத்து அரிப்புக்காகச் சர்க்கரையை ஏற்றிவிட வேண்டாம் என்று தோன்றியது. கொஞ்சம் மெதுவானாலும் பரவாயில்லை என்று குளோபெட்டசோல் என்ற ஸ்டீராய்டுக் களிம்பைக் கோடுகளின் மேல் மட்டும் தினம் இருவேளை பத்து நாளும், பிறகு ஒருவேளை நாலு நாளும் போடச் சொன்னேன். இரவில் தூக்கம் வரவழைக்கும் பழைய வகை ஒவ்வாமை மாத்திரை. காவியை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து எடுக்க வேண்டும், சுரண்டக் கூடாது. நகத்தை ஒட்ட வெட்டச் சொன்னேன், சீப்பை மறைத்துவைக்கச் சொன்னேன்.

இந்த முறை எல்லாவற்றையும் சொன்னேன். இது தொற்று இல்லை, பிள்ளைகளுக்கு ஒட்டாது. மறுபடி ஒருமுறைகூட வரலாம். கோடுகள் கறுத்து மாதக்கணக்கில் நிற்கலாம். அடுத்த கொட்டு இதைவிடக் கடுமையாக இருக்கலாம், அப்போது மூச்சு இறுக்கமோ முகவீக்கமோ வந்தால் மஞ்சளைத் தேடாமல் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பிறகு

மூன்றாம் நாளே தூக்கம் வந்துவிட்டது. இரண்டு வாரத்தில் கோடுகள் தட்டையாயின. நாற்பதாம் நாள் வாக்கில் கணுக்காலில் மட்டும் லேசாக அரித்தது. வரும் என்று தெரிந்திருந்ததால் பதறாமல் மிச்சமிருந்த களிம்பை நாலு நாள் போட்டுவிட்டுப் பிறகுதான் எனக்குப் போன் செய்து சொன்னார். நாலு மாதம் கழித்துப் பார்த்தபோது ஐந்து கோடுகளும் பழுப்பாக, பழைய மருதாணி போல் மங்கித் தெரிந்தன. சர்க்கரைக்கு முறையாகப் பரிசோதித்ததில் தொடக்கநிலையில் இருப்பது தெரிந்து, உணவுக் கட்டுப்பாட்டில் இருக்கிறார். சொறி கொட்டியதில் விளைந்த ஒரே நன்மை அது.

மகனுக்கும் மாமியாருக்கும் எதுவும் திரும்பி வரவில்லை.

மாற்றியவை, மாற்ற வேண்டியவை

கடற்கரையில் செய்திருக்க வேண்டியது எளிதுதான். கரைக்கு வந்ததும் ஈரத்துணியை விலக்கி, கடல்நீரையே அள்ளி ஊற்றி, ஒட்டியிருக்கும் இழையை வெறுங்கையால் தொடாமல் குச்சியாலோ பிளாஸ்டிக் பை சுற்றிய விரலாலோ எடுத்திருக்கலாம். வெந்நீருக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். அமாவாசை விடியலில் அந்தத் தெருவில் டீக்கடைக்கா பஞ்சம்? கொதிக்கிற தண்ணீரை வாங்கிக் கடல்நீரில் கை பொறுக்கிற அளவுக்கு விளாவிக்கொண்டால், ஒரு வாளியும் இருபது நிமிடமும் போதும். தீர்த்தம் அரைமணி நேரம் காத்திருக்கும்.

கிளினிக்கில் மூன்று மாற்றங்கள் செய்திருக்கிறோம். சீட்டில் இனி 'பூச்சிக்கடி' என்று பொதுவாக எழுதுவதில்லை. எது கடித்தது, எங்கே வைத்து என்று எழுத வேண்டும், தெரியாவிட்டால் தெரியாது என்று எழுத வேண்டும். வரிவரியாகக் கொப்புளத்தோடு வருகிறவரிடம், அக்கி என்று தோன்றினாலும், 'ஒரு மாசத்துக்குள்ள கடலுக்குப் போனீங்களா?' என்று கேட்கிறோம். கொட்டு வாங்கி வருகிறவரிடம் அது திரும்பி வரலாம் என்பதை முதல் நாளே சொல்லி, சீட்டின் பின்பக்கத்திலும் எழுதிக் கொடுக்கிறோம். மூன்றுக்கும் காசு செலவில்லை. கேள்வியை மறக்காமல் கேட்பதுதான் கஷ்டம். நானே இரண்டு முறை மறந்து, நர்ஸ் ஞாபகப்படுத்தினார்.

அன்றே ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருக்கலாமா என்பதை இன்னும் யோசிக்கிறேன். பின்னர் தெரிந்த சர்க்கரையைப் பார்த்தால் கொடுக்காதது நல்லது என்று படுகிறது. தூங்காமல் கிடந்த இரண்டு இரவுகளைக் கேட்டால் அவர் வேறு பதில் சொல்வார்.

ஆடி அமாவாசைக்கு அந்தக் குடும்பம் மறுபடி வேன் ஏறியது. போவதற்கு முன் மாமியார் மட்டும் வந்து, "மருமக கடல்ல எறங்கலாமா தம்பி?" என்று கேட்டார். இறங்காமல் இருப்பது நல்லது என்றேன். கொழுந்தனார் ஒரு செம்பில் கடல்நீர் மொண்டு, வேட்டி முனையில் வடிகட்டி, கரையில் நின்ற மதினியின் தலையில் மூன்று முறை தெளித்தாராம். சங்கு விற்கும் அந்த அம்மா அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தாராம். இந்தத் தடவை அவரிடம் இரண்டு சங்கு வாங்கினார்கள்.